பறையும் கிட்டாரும் ஒரே வீட்டில்: மதுரையில் ஃபோக் ராக் ஆல்பம் பதிவு செய்யும் வழி

புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். மைக்கைப் பற்றிப் பிறகு பார்ப்போம். வீட்டில் பதிவாகும் ஆல்பத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை நம்மால் மாற்ற முடியாத சில விஷயங்கள்: தெருச் சத்தம், அறையின் அளவு, வீட்டுக் கரண்ட், நாதஸ்வரத்தின் சுருதி, பறைத் தோலின் இறுக்கம். இவற்றை முதலில் அளந்துகொண்டு, கிட்டாரும் பேஸும் பாட்டும் அவற்றுக்கு வளைந்து கொடுக்கும்படி திட்டம் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் மூன்றாவது பாட்டிலேயே சுருதி இடிக்கும், எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும்.

கீழே உள்ளவை ஒரு சராசரிக் குழுவை மனதில் வைத்து எழுதியவை: அகூஸ்டிக் கிட்டார், பேஸ், பாடகர், பறை அல்லது தவில், சில பாடல்களில் நாதஸ்வரம். இடம், 10க்கு 12 அடி அறையும் மொட்டை மாடியும் உள்ள ஒரு வீடு. முதல் முயற்சியில் 10 பாட்டு வேண்டாம். 5 அல்லது 6 போதும்.

முதலில் தெருவைப் பதிவு செய்யுங்கள்

பதிவு செய்யப்போகும் அறையில் செல்போனை வைத்து, காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, இரண்டும் வேண்டும். கேட்டுப் பார்த்து, எந்த நேரத்தில் என்ன சத்தம் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வரவில்லை. மாலை 7 மணிக்கு மேல் பக்கத்தில் புரோட்டாக் கடை இருந்தால் கொத்துக் கரண்டிச் சத்தம் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். அது கிட்டத்தட்ட ஹை-ஹாட் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தட்டு) மாதிரியே இருப்பதால் பாட்டுக்குள் புகுந்தால் பிரித்தெடுக்கவே முடியாது. பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் அமைதியான நேரம் இரண்டு: பிற்பகல் 1:30 முதல் 4 வரை, இரவு 11:30க்குப் பிறகு. பிற்பகலில் பறை, தவில், எலெக்ட்ரிக் கிட்டார். நள்ளிரவில் குரலும் அகூஸ்டிக் கிட்டாரும். அக்கம்பக்கத்தாரோடு சண்டை வராமல் இருக்கவும் இதுதான் வழி.

மாதத்தையும் பார்க்க வேண்டும். மார்கழியில் விடியலுக்கு முன்பே கோயில் குழாய் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் நாட்கள். சித்திரைத் திருவிழாவின்போது தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் மைக்கைத் திறக்கவே வேண்டாம். தைப் பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வட்டாரமும் அப்படியே. பெருங்குடி, அவனியாபுரம் பகுதியில் வீடு என்றால் விமான நேரங்களையும் சுவர்த்தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து வீடு எதற்கும் உதவாது. எங்கள் கணக்கில் புரட்டாசியின் முதல் பாதி நல்ல காலம். கல்யாணங்கள் குறைவு, வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும். மாலை மழை மட்டும் குறுக்கிடும். கிராமத்து வீடு அமைதி என்று நினைத்துப் போகிறவர்களை விடியலிலும் அந்தியிலும் மயில் அகவலும், மழைக்குப் பின் தவளைகளும் வரவேற்கும்.

வீட்டுக்குள்ளும் எதிரிகள் உண்டு. தண்ணீர் மோட்டார், மின்விசிறி, ஃப்ரிட்ஜ், சுவர்க்கடிகாரம். ஃப்ரிட்ஜை அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடுவோம். வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், வீட்டுக்குக் கிளம்பும்போது தானாக நினைவு வரும். டியூப் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் பல்லியை ஒன்றும் செய்ய முடியாது. நுண்ணிய ஒலிக்கும் கூர்மையான கண்டென்சர் வகை மைக் அதன் "ச்சுச்சு"வைத் தெளிவாகப் பிடிக்கும். நல்ல டேக்கை (ஒருமுறை வாசித்துப் பதிவாவது ஒரு டேக்) நடுவில் நிறுத்தாமல் முடித்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு டேக்கிலிருந்து எடுத்து ஒட்டுங்கள்.

அறை

அறைக்கு நடுவில் நின்று கை தட்டுங்கள். "டர்ர்" என்று ஒரு சிலிர்ப்பு ஒலி திரும்பி வந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியை மாற்றி மாற்றி எறிகின்றன என்று பொருள். சிமெண்ட் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை கொண்ட நம் வீடுகளில் இது கட்டாயம் இருக்கும்.

இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எதிரொலியைக் குறைப்பது ஒரு வேலை. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறு வேலை. மெத்தையும் பஞ்சும் முதல் வேலையைத்தான் செய்யும். இரண்டாவதற்கு எடையுள்ள சுவரும், கதவு ஜன்னல் இடுக்குகளில் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். கதவின் நான்கு ஓரத்திலும் ரப்பர் பட்டை ஒட்டி, கீழ் இடைவெளியை மடித்த சாக்கால் அடைத்தாலே வித்தியாசம் தெரியும். முட்டை அட்டை இரண்டுக்கும் பயனில்லை. மெல்லிய அட்டை மேல்சுருதிகளைக் கொஞ்சம் மந்தப்படுத்தும், அவ்வளவுதான், தீப்பிடிக்கவும் செய்யும்.

செலவில்லாமல் தொடங்க, இலவம்பஞ்சு மெத்தை இரண்டை மூலைகளில் நிமிர்த்தி வையுங்கள். தரையில் ஜமக்காளம் இரண்டு மடிப்பு. துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்தால் அதுவும் ஒலியை உறிஞ்சும். பாடகருக்குப் பின்னால் உள்ள சுவரில்தான் மெத்தை முக்கியம், ஏனென்றால் மைக் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்கிறது.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ராக்வூல் பலகை செய்துகொள்ளுங்கள். 4 அடிக்கு 2 அடி, 2 அங்குலத் தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள பலகை கேளுங்கள். தச்சரிடம் 4 அங்குல ஆழத்தில் மரச்சட்டம் அடிக்கச் சொல்லி, இரண்டு பலகைகளை அடுக்கி, மேலே காடா துணி இழுத்து ஸ்டேப்ளர் அடித்தால் முடிந்தது. துணி காற்றுப் போகும்படி இருக்க வேண்டும்: வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் மூச்சுத் தெரிய வேண்டும். ரெக்சின் போட்டால் மேல்சுருதிகள் அதில் பட்டுத் திரும்பிவிடும். ராக்வூல் நார் தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வைத்து இந்த வேலையைச் செய்யுங்கள். இப்படிச் செய்த 6 சட்டங்கள் இந்த அளவு அறைக்குப் போதும்: நான்கு மூலைகளில் நான்கு, பக்கச் சுவர்களில் இரண்டு.

கீழ்சுருதி வேறு கதை. 10 அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி வீங்கும். பேஸ் கிட்டாரின் திறந்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். கூரையும் 10 அடி உயரம் என்றால் அந்த வீக்கம் இரட்டிப்பாகும். அதனால்தான் சதுர அறைகளில் பேஸ் வாசித்தால் ஒரு ஸ்வரம் மட்டும் இடி மாதிரி ஒலிக்கிறது. தீர்வு எளிது: பேஸை ஆம்ப்ளிஃபயரில் போட்டு மைக் வைக்காதீர்கள், நேராக இன்டர்ஃபேஸில் (மைக், கருவிகளின் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி) செருகுங்கள்.

கரண்ட்

பாட்டில் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் கலந்து வந்தால் அது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல். கண்டுபிடிக்கும் வரிசை இது. கிட்டாரைச் செருகி, வாசிக்காமல் 30 விநாடி பதிவு செய்யுங்கள். பிறகு லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி மறுபடி 30 விநாடி. இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி சார்ஜர் வழியாக வரும் எர்த் சுற்று. பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். போகவில்லை என்றால் மின்விசிறி ரெகுலேட்டரை அணையுங்கள். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் கிட்டார் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) கரகரப்பை ஏற்றும். மூன்றாவது சந்தேகம் பழைய டியூப் லைட் சோக்கு. எல்லாம் ஒரே சுவிட்ச்போர்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஓடட்டும்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடினால் எல்லாத் தடங்களிலும் (தனித்தனியாகப் பதிவாகும் ஒவ்வொரு ஒலியும் ஒரு தடம்) வண்டு ரீங்காரம் கேட்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே செய்தித்தாளில் வரும். அந்த நாளை வீணாக்காமல் ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது: இரைச்சல் போகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது. கிட்டார் கம்பியில் ஒரு கை, மைக்கில் உதடு என்று நிற்பவருக்கு அது உயிராபத்து. பழைய வீடுகளில் எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். உப்பும் கரியும் போட்ட குழி என்றால் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சாமான்கள்

இங்கே அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. தாளக் கருவிகளைப் பதிவு செய்ய 4 மைக் உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸ் வேண்டும். பெரிஞ்சர் யூஎம்சி404எச்டி போன்றது போதும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போல இரண்டு மட்டும் உள்ளது என்றால், கருவிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யப் பழகிக்கொள்ளுங்கள். பலமான ஒலியைத் தாங்கும் டைனமிக் மைக் இரண்டு, ஷூர் எஸ்எம்57 வகை. கண்டென்சர் ஒன்று, ஆடியோ-டெக்னிகா ஏடி2020 வகை. இதற்கு இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும். மூடிய வகை ஹெட்போன் இரண்டு. திறந்த வகையில் கிளிக் (தாளம் பிடிக்க மென்பொருள் தட்டும் ஒலி) சத்தம் கசிந்து மைக்கில் ஏறும்.

மென்பொருளுக்கு ரீப்பர் நல்லது. 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம், சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மோனோ தடம் நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி. 10 தடம், 4 நிமிடப் பாட்டு என்றால் ஒரு டேக்குக்கு ஏறத்தாழ 345 எம்பி; 6 டேக் எடுத்தால் 2 ஜிபி. பதிவின்போது பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித் துணுக்கின் அளவு) 128, மிக்ஸிங்கின்போது (தடங்களைக் கலந்து ஒரே பாட்டாக்கும்போது) 1024. பஃபர் பெரிதாக இருந்தால் வாசிப்பவருக்குத் தன் ஒலி தாமதமாகக் கேட்டு, தாளம் பின்தங்கும். சிறிதாக வைத்து லேப்டாப் திணறினால் "டிக் டிக்" என்று வெட்டு விழும்.

பாப் ஃபில்டர் வாங்க வேண்டாம். 6 அங்குல எம்ப்ராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இரண்டு மடிப்பாக இழுத்து மாட்டினால் அதுதான் பாப் ஃபில்டர்.

சுருதி: நாதஸ்வரம் சொல்வதுதான் சட்டம்

கிட்டாரில் கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் ஒரே கட்டத்தில் அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) நகர்த்தலாம், கீபோர்டில் பொத்தானை அழுத்தலாம். நாதஸ்வரத்தில் அது நடக்காது. அதனால் நாதஸ்வரம் வரும் பாடல்களுக்கு அதை வாசிப்பவரின் கட்டைதான் (சுருதிதான்) பாட்டின் கட்டை. பாட்டை எழுதி, கிட்டாரில் எல்லாம் பதிவு செய்துவிட்டு, கடைசியில் கலைஞரை அழைத்து "இதற்கு வாசியுங்கள் அண்ணே" என்பது குழுக்கள் செய்யும் மிகப் பெரிய தப்பு.

முதல் ஒத்திகையிலேயே அழைத்துவிடுங்கள். நையாண்டி மேளக்காரர்கள் பெரும்பாலும் திமிரி வாசிப்பார்கள், சுருதி உயரம்; பாரி நாதஸ்வரம் தாழ்வு. சீவாளி (வாயில் வைத்து ஊதும் பகுதி) நனைந்து, கருவி சூடாக 15 முதல் 20 நிமிடம் வாசிக்க விடுங்கள். குளிர்ந்த கருவியில் அளந்தால் பிறகு சுருதி ஏறிவிடும். அதன் பின் "ச" பிடிக்கச் சொல்லி டியூனர் செயலியில் பாருங்கள். 1 கட்டை என்பது சி, 2 கட்டை டி, இரண்டரைக் கட்டை டி ஷார்ப், 3 கட்டை இ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி. முள் நடுவில் நிற்காது, கொஞ்சம் மேலோ கீழோதான் நிற்கும். எத்தனை சென்ட் (அரைச் சுவரத்தின் நூறில் ஒரு பங்கு) என்று குறித்துக்கொண்டு, கிட்டாரையும் பேஸையும் அந்த அளவுக்கு மாற்றிச் சுருதி கூட்டுங்கள். டியூனரில் வழக்கமாக இருக்கும் 440 ஹெர்ட்ஸ் ஏ-வைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

இரண்டரைக் கட்டை என்றால் கிட்டாரில் மூன்றாம் கட்டத்தில் கேப்போ போட்டு சி வடிவத்தில் வாசிக்கலாம். அதைவிட, கம்பிகளை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று கூட்டி முதல் கட்டத்தில் கேப்போ போடுவது அழகாக இருக்கும்: ச-வும் ப-வும் தம்புரா மாதிரி நின்று ஒலிக்கும், காந்தாரம் நாதஸ்வரத்துக்கு விடப்பட்டிருக்கும். முழுக் கார்டில் கிட்டார் ஒரு காந்தாரத்தை அடித்துக்கொண்டிருக்க, நாதஸ்வரம் கமகத்தோடு (சுவரத்தை அசைத்து வாசிப்பது) அதைத் தொட்டுத் தொட்டு அசைக்க, இரண்டும் உரசும். மோகன ராகத்தில் அவ்வளவாகத் தெரியாது; கரகரப்பிரியா ராகச் சாயலில் அமைந்த மெட்டில் உடனே தெரியும். சுருதி திருத்தும் மென்பொருளை நாதஸ்வரத் தடத்தின் மேல் போடவே போடாதீர்கள். அது கமகத்தைப் படிக்கட்டாக வெட்டிவிடும்.

பதிவு செய்யும் வரிசை

1. வழித்தடம். கிளிக்கோடு கிட்டாரும் குரலும் வாசித்துப் பாடுங்கள். இது தூக்கி எறியப்படும் தடம், அழகு தேவையில்லை. பாட்டின் அமைப்பு மாறாமல் இருந்தால் சரி. கிளிக்கை எந்த நடையில் வைப்பது என்பது முக்கியம். கும்மி மெட்டுக்குத் திஸ்ர நடையில் மூன்று மூன்றாகத் தட்டும் கிளிக் வேண்டும். நான்காகத் தட்டினால் பாடுகிறவர் குழம்புவார்.

2. பறை. இதற்குத்தான் ஆல்பத்தின் பாதி நேரம் போகும், போகட்டும்.

10க்கு 12 அறைக்குள் பறை அடித்தால் சுவர்கள்தான் பதிவாகும். மொட்டை மாடிக்கு, முடிந்தால் தோப்புக்குப் போங்கள். திறந்தவெளியில் எதிரொலி இல்லை, அடி சுத்தமாக வரும். அறையின் முழக்கத்தைப் பிறகு மிக்ஸிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். மாடியில் கைப்பிடிச் சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளி நில்லுங்கள். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு ஸ்பாஞ்சு கட்டாயம்.

பறை ஒருமுகக் கருவி, பின்புறம் திறந்திருக்கும். முன்பக்கம் "சள்" என்ற வெட்டும், பின்பக்கம் "தம்" என்ற உடலும் கிடைக்கும். டைனமிக் மைக் ஒன்றை முன்பக்கம் 2 அடி தள்ளி, தோலின் நடுவைப் பார்க்காமல் விளிம்பைப் பார்த்து வையுங்கள். இன்னொன்றைப் பின்பக்கம் 1 அடியில், வாசிப்பவரின் கை இடிக்காத இடத்தில். பின் மைக்கின் தடத்தில் ஃபேஸ் பொத்தானைத் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) திருப்பிக் கேளுங்கள். தோல் ஒரு மைக்கிலிருந்து விலகும்போது இன்னொன்றை நோக்கி நகர்வதால், திருப்பாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று "தம்" காணாமல் போய்விடும். தவில், உறுமி போன்ற இருமுகக் கருவிகளில் இரு பக்கமும் மைக் வைத்தாலும் இதே சோதனை. எது பருமனாகக் கேட்கிறதோ அதுதான் சரி.

தோல் காற்றின் ஈரத்தை இழுத்துத் தளரும். அதனால்தான் காய்ச்சுகிறார்கள். பதிவிலும் அதே முறைதான்: வைக்கோலோ காகிதமோ எரித்துக் காய்ச்ச, மைக்கிலிருந்தும் கேபிளிலிருந்தும் 15 அடி தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் வீசும் இடமாகப் பாருங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். காய்ச்சியதும் முதல் அரை நிமிடம் பதிவு வேண்டாம், சுருதி வேகமாக இறங்கும். பிறகு டேக். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் நான்கு அடி தனியாக அடிக்கச் சொல்லி முந்தைய டேக்கின் நான்கு அடியோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் மறுபடி காய்ச்சுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு டேக்குகளை வெட்டி ஒட்டினால், சரணத்தில் ஒரு பறையும் பல்லவியில் வேறு பறையும் ஒலிப்பதாகத் தோன்றும். ஃபைபர் தோல் போட்ட பறையில் இந்தத் தொல்லை இல்லை. ஒலியும் அது அல்ல.

அளவு: மென்பொருளில் 0 டெசிபல்தான் உச்சி; மிகப் பலமான அடி -10 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒத்திகையில் -10ஐத் தொடுபவர் பதிவு விளக்கு எரிந்ததும் இன்னும் 4 டெசிபல் பலமாக அடிப்பார், எல்லோரும் அப்படித்தான். ஆகவே -14ல் நிறுத்திவையுங்கள். 24 பிட்டில் குறைவாகப் பதிவாவதால் நஷ்டமில்லை. உச்சியில் வெட்டுப்பட்ட அடியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

கிளிக்கோடு ஓட மறுக்கும் கலைஞரை வற்புறுத்தாதீர்கள். ஆட்டத்தோடு வாசித்துப் பழகியவருக்கு அடி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதுதான் இயல்பு. அந்தப் பாட்டில் கிளிக்கை அணைத்துவிட்டு, பறையும் கிட்டாரும் எதிரெதிரே நின்று ஒன்றாக வாசிக்கட்டும். பிறகு மென்பொருளில் ஒவ்வொரு தாளக்கட்டின் முதல் அடியிலும் டெம்போ குறி வைத்துக்கொண்டே போனால் கிளிக் அவரைப் பின்தொடரும். 4 நிமிடப் பாட்டுக்கு அரை மணி நேர வேலை.

டிரம்ஸ் வேண்டும் என்றால் ஒருநாள் வாடகைக்கு ஒத்திகைக் கூடம் எடுத்துக்கொள்வது நல்லது. அங்கே நான்கு மைக் போதும்: கிக்கில் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னேரில் (நடுவில் உள்ள சின்ன டிரம்) ஒன்று, மேலே இரண்டு. மேல் மைக் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று ஒரு கயிற்றால் அளந்து வையுங்கள்.

3. பேஸ். நேர் இணைப்பு. பறையைக் கேட்டு வாசிக்க வேண்டும், கிளிக்கைக் கேட்டு அல்ல.

4. அகூஸ்டிக் கிட்டார். பதிவுக்கு முதல் நாள் புதுக் கம்பி மாற்றி இழுத்துவிடுங்கள். மதுரை வெயிலில் கை வேர்வை கம்பியைச் சீக்கிரம் மந்தமாக்கும், ஒவ்வொரு டேக்குக்குப் பின்னும் துணியால் துடையுங்கள். கண்டென்சர் மைக் 12ஆம் கட்டத்தைப் பார்த்து, 20 முதல் 30 செ.மீ. தூரத்தில். நடுத்துளைக்கு நேராக வைத்தால் "புஸ்" என்று காற்றுக்குடம் போல வீங்கும். தாளம் வாசிக்கும் கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று வையுங்கள். ஒரே டேக்கைப் பிரதி எடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் கிடைக்காது, சத்தம்தான் கூடும். பாட்டு முடிந்து கம்பி அடங்கும் இடத்தில் கிளிக்கை நிறுத்திவிடுங்கள். ஹெட்போனிலிருந்து கசிவது அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

5. நாதஸ்வரம். மைக்கை அணசுக்கு (கருவியின் அகன்ற வாய்) நேராக வைக்காதீர்கள். ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசை மட்டும் பிடித்தால் காதைக் குத்தும். பக்கவாட்டில் 3 அடி தள்ளி, துளைகளைப் பார்த்து டைனமிக் மைக். இதையும் மாடியிலோ கூடத்திலோ பதிவு செய்யலாம். வாசிப்பவருக்கு ஒரு காதில் மட்டும் ஹெட்போன் போதும். கூடவே கிட்டாரின் ச-ப ஒலியை மட்டும் கொடுங்கள், முழுப் பாட்டையும் கொட்டினால் சுருதி கேட்காது. மூச்சு வாத்தியம், 4 டேக்குக்கு மேல் கேட்பது நியாயமில்லை.

6. குரல். நள்ளிரவு, மின்விசிறி அணைத்து, அரை மணி பாடி 10 நிமிடம் வெளியே. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், நடுவில் எம்ப்ராய்டரி வளையம். செல்போன்கள் விமானப் பயன்முறையில். பாட்டுத் தாளை அட்டையில் ஒட்டிவிடுங்கள், பக்கம் புரளும் சத்தம் குரலோடு வந்தால் பிரிக்க முடியாது. வளையல், சங்கிலி, கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி முனகும், நின்று பாடுவது நல்லது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஜிகர்தண்டா கடைசி டேக்குக்குப் பிறகு, பால் தொண்டையில் படிந்தால் ஒவ்வொரு அடிக்கும் கனைக்க நேரும்.

7. கோரஸ், கைத்தட்டு, குலவை. எல்லோரும் மைக்கைச் சுற்றி அரைவட்டமாக 4 அடி தள்ளி. குலவை கேட்பதைவிடக் கூர்மையாகப் பதிவாகும். முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்லுங்கள், அளவை 6 டெசிபல் குறைத்துவையுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அமைதியையும் பதிவு செய்யுங்கள். டேக்குகளை ஒட்டும்போது இடைவெளியை அதைக் கொண்டு நிரப்பலாம். அன்றன்று இரவு கோப்புகளை வேறொரு வட்டில் பிரதி எடுத்து, அந்த வட்டை வேறொருவர் வீட்டில் வையுங்கள்.

மிக்ஸிங்

பதிவு முடிந்து ஒரு வாரம் கழித்து உட்காருங்கள். ஸ்பீக்கர் இரண்டும் நீங்களும் சம பக்க முக்கோணமாக, சுமார் 3 அடி. மெதுவான சத்தத்தில், 45 நிமிடத்துக்கு ஒருமுறை காதுக்கு ஓய்வு.

முதலில் எல்லாத் தடத்தையும் மோனோவில் (இடம் வலம் பிரிக்காமல்) வைத்து ஒலி அளவை மட்டும் சரிசெய்யுங்கள். அடுத்து வேண்டாத கீழ்ப்பகுதியை வெட்டுதல்: குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே, கிட்டாரில் 80க்குக் கீழே. வழக்கமான சுருதியில் கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குக் கீழே இருப்பது தரையதிர்வும் லாரியும்தான். டி-ஏ-டி-ஜி-ஏ-டி கூட்டிய பாட்டில் மட்டும் 70க்குக் கீழே வெட்டுங்கள். பறையின் "தம்"மும் பேஸும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால் எது நிற்க வேண்டும் என்று முடிவெடுத்து மற்றதில் 3 டெசிபல் குறையுங்கள். நாதஸ்வரம் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் குரலின் சொற்களை மூடும். ஈக்வலைசரால் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸ் பகுதியை ஏற்றி இறக்கும் கருவி) மல்லுக்கட்டுவதைவிட, பாடும் இடத்தில் நாதஸ்வரத்தை நிறுத்தி, பாட்டு வரிகளுக்கு நடுவில் பதில் சொல்ல வைப்பது மேல். மேளக்காரர்கள் பாட்டுக்கு அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

குரலுக்கு கம்ப்ரெசர் (பலமான இடங்களை அடக்கிச் சமப்படுத்துவது) 3:1, குறைப்பு 3 முதல் 5 டெசிபல். ரிவெர்ப் (செயற்கை அறை முழக்கம்) ஒன்றே ஒன்று, எல்லாக் கருவிகளும் அதில் வெவ்வேறு அளவில். மாடியில் பதிவான பறையும் அறையில் பதிவான குரலும் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்ற அதுதான் வழி. சோதனைக்குச் செல்போன் ஸ்பீக்கர், புளூடூத் பெட்டி, நண்பரின் கார். பேஸ் செல்போனில் காணாமல் போனால் அதில் 700 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள்.

மாஸ்டரிங்கை (கலந்து முடித்த பாட்டை வெளியீட்டுக்கு ஏற்றபடி செப்பனிடும் கடைசி வேலை) இன்னொருவர் காதுக்குக் கொடுங்கள். லிமிட்டர் (உச்சத்தை ஓர் அளவோடு தடுத்து நிறுத்துவது) போடாமல், உச்சம் -4 டெசிபல் அளவில், 24 பிட் வேவ் கோப்பாக அனுப்ப வேண்டும். ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் பாட்டுகளை -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கும் என்பதால், நசுக்கிச் சத்தமாக்கிய பாட்டு அங்கே தானாக இறக்கப்பட்டு, உயிரற்ற பறையோடு மிஞ்சும். மாஸ்டரிங் முடிந்த பாட்டின் உச்சம் -1 டெசிபல்.

வெளியிடுவதற்கு முன்

பரம்பரையாகப் பாடப்படும் மெட்டுக்கு உரிமையாளர் கிடையாது. ஆனால் யாரோ ஒருவர் ஏற்கெனவே பதிவு செய்து வெளியிட்ட வடிவத்துக்கும், அவர் சேர்த்த வரிகளுக்கும் உரிமை உண்டு. வயலில், கோயில் கொடையில் கேட்டுக் கற்ற பாட்டா, கேசட்டில் கேட்டதா என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் சொந்தப் பாட்டுக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடும், அதை அரசிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை. குழுவுக்குள் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை முதல் பாட்டு வெளிவருமுன் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பறை, நாதஸ்வரக் கலைஞர்களுக்குச் சம்பளத்தைப் பதிவு நாளிலேயே கொடுத்துவிட்டு, பாட்டு எங்கெல்லாம் வெளியாகும் என்று தமிழில் எழுதிய ஒரு பக்கத் தாளில் ஒப்புதல் வாங்குங்கள். பின்னர் வருமானம் வந்தால் பங்கு என்ன என்பதும் அதில் இருக்கட்டும். விநியோகத் தளத்தில் ஏற்றும்போது கருவிக் கலைஞர்களுக்கென்று தனி இடம் இருக்கும். அங்கே அவர்கள் பெயரை, அவர்கள் எழுதும் அதே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். குழுவின் பெயரைத் தமிழிலா ஆங்கிலத்திலா என்று ஒருமுறை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள், இல்லாவிட்டால் தளங்கள் இரண்டு தனிக் குழுக்களாகப் பிரித்துவிடும். வெளியீட்டு நாளுக்கு 4 வாரம் முன்பே ஏற்றிவிட்டால், நாதஸ்வரக்காரர் பெயரில் விழுந்த எழுத்துப்பிழையைத் திருத்த அவகாசம் இருக்கும்.